பட்டியலைக் காட்டுங்கள், தளத்தைச் சொல்கிறேன்

மார்க்கெட்டிங் மெயில் அனுப்ப எந்தத் தளம் வாங்கலாம் என்று கேட்டு வரும் கடைக்காரர்களிடம், முகவரிப் பட்டியலைக் கொண்டுவாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். ஜோஹோ கேம்பெய்ன்ஸா, மெயில்சிம்ப்பா, பிரீவோவா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். பட்டியலில் யார் இருக்கிறார்கள், எப்படி வந்து சேர்ந்தார்கள், மாதத்தில் எத்தனை முறை அவர்களுக்கு எழுதப்போகிறோம் என்பது தெரிந்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

சென்னையை அடுத்த எங்கள் சிறுசேரிப் பட்டியல்களுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. சிப்காட் ஐடி பூங்காவுக்குள் டிசிஎஸ், காக்னிசண்ட் போன்ற பெரிய வளாகங்கள். சுற்றிலும் நாவலூர், படூர், தாழம்பூர், கேளம்பாக்கம் என்று அந்த ஊழியர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிகள். இங்கே கேக் கடை வைத்தாலும் யோகா வகுப்பு எடுத்தாலும் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி கம்பெனி ஆட்கள்தான். கல்லாவில் மெயில் ஐடி கேட்டால் பழக்கத்தில் அலுவலக முகவரியைச் சொல்லிவிடுவார்கள். வேலை மாறிய அன்றோடு அந்த முகவரி செத்துவிடும். செத்த முகவரிகளுக்கு அனுப்பிய மெயில்கள் திரும்பத் திரும்ப பவுன்ஸ் ஆனால், நம் டொமைன் மீதே கூகுளுக்கும் மற்றவர்களுக்கும் சந்தேகம் வந்துவிடும். பிறகு உயிரோடு இருக்கும் முகவரிக்குப் போகிற மெயிலும் ஸ்பேமில் விழும். போதாக்குறைக்கு ஐடி நிறுவனங்கள் ஊழியர்களுக்கு ஃபிஷிங் பயிற்சி கொடுக்கின்றன. தெரியாத லிங்க்கைக் கண்டால் புகார் பட்டனை அழுத்து என்று பழக்கப்பட்ட கைகள் அவை. அதனால் சொந்த மெயில் ஐடியைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தளமும் செய்து தராத வேலை இது.

நிறுவனத்துக்கே விற்பவர்கள், அதாவது கேட்டரிங், வேன் வாடகை, அச்சு வேலை செய்பவர்களுக்கு அலுவலக முகவரிதான் வேண்டும். ஆனால் அவர்களுக்குத் தளமே தேவையில்லை என்பது என் கருத்து. நாற்பது ஐம்பது அட்மின் அதிகாரிகளுக்குப் பெயர் சொல்லித் தனித்தனியாக எழுதும் மெயில், அழகாக வடிவமைத்த எந்த டெம்ப்ளேட்டையும்விட நன்றாக வேலை செய்யும்.

அடுத்தது விலை. தளங்கள் இரண்டு விதமாகக் கணக்குப் போடுகின்றன. மெயில்சிம்ப் போன்றவை பட்டியலில் உள்ள முகவரிகளின் எண்ணிக்கையைப் பார்க்கின்றன. பிரீவோ அனுப்பும் மெயில்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறது. தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் என்று ஆண்டுக்குச் சில முறை மட்டும் அனுப்பும் கேக் கடை 4,000 முகவரிகளுக்காக மாதாமாதம் பணம் கட்டுவது வீண். 300 மாணவர்களுக்கு வாரத்துக்கு மூன்று முறை வகுப்பு நேரம் அனுப்புகிறவருக்கோ முகவரிக் கணக்கே லாபம். மெயில்சிம்ப்பில் விலகிப் போனவர்களும் எண்ணிக்கையில் வருவார்கள். அவர்களை ஆர்க்கைவ் செய்தால்தான் கணக்கிலிருந்து இறங்குவார்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

இலவசத் திட்டத்தை வைத்து மட்டும் தளத்தை முடிவு செய்யாதீர்கள். மெயில்சிம்ப் 2001-ல் அட்லாண்டாவில் தொடங்கிய சிறு நிறுவனம். 2009-ல் இலவசத் திட்டம் கொண்டுவந்தது. பிறகு 2,000 முகவரி வரை இலவசமாக இருந்தது. 2021-ல் இன்டியூட் நிறுவனம் அதைச் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த 2,000 பின்னர் 500 ஆகச் சுருங்கியது. பிரீவோவின் இலவசத் திட்டத்திலோ ஒரு நாளைக்கு 300 மெயில்தான். 1,200 பேர் பட்டியல் என்றால் ஒரே மெயில் எல்லோருக்கும் போய்ச் சேர நான்கு நாள் ஆகும். அதற்குள் பண்டிகையே முடிந்துவிடும்.

ஜோஹோ நமக்குப் பக்கத்தில், கூடுவாஞ்சேரி அருகே எஸ்டான்சியா வளாகத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதற்காக மட்டும் நான் அதைச் சொல்வதில்லை. ரூபாயில் ஜிஎஸ்டி பில் கிடைப்பது சிறு கடைக்கு நிஜமான வசதி. டாலரில் தானாகப் பணம் எடுக்கும் வெளிநாட்டுத் தளங்களில் வேறொரு தொல்லை உண்டு. ரிசர்வ் வங்கியின் தொடர் கட்டண விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு, பதிவு செய்யாத ஆட்டோ டெபிட்டை வங்கிகள் மறுத்துவிடுகின்றன. பண்டிகை வாரத்தில் கணக்கு முடங்கினால் யாரிடம் போய்க் கேட்பது?

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்; 'கி' என்றால் ககரத்துக்கு மூன்று, இகரக் குறிக்கு மூன்று. ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல் போகும் மெயிலை நறுக்கிவிடும். நறுக்கிய பகுதியில்தான் பெரும்பாலும் விலகும் லிங்க் இருக்கும். விலக வழி தெரியாதவர் ஸ்பேம் என்று அழுத்திவிடுவார். ஆகவே சோதனைக் காலத்திலேயே ஒரு முழுத் தமிழ் மெயிலைத் தயாரித்து அனுப்பிப் பாருங்கள். இழுத்து வைக்கும் பெட்டிகளுக்குள் தேவையில்லாத கோடிங்கைக் குவிக்கும் தளங்கள் இதில் தோற்றுவிடும்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கான விதிகளை இறுக்கியுள்ளன. கூகுளின் கணக்கில் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர் கோபித்துக்கொண்டாலே போச்சு. ஜிமெயில் முகவரியிலிருந்து மொத்தமாக அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டியதுதான். சொந்த டொமைன் வாங்கி, மெயிலை அனுப்பியது நீங்கள்தான் என்று உறுதி செய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகளைப் போடுங்கள். இவற்றைப் படிப்படியாகக் காட்டிக் கொடுக்கும் தளத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

நம் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவிலிருந்து அள்ளிய முகவரிகளுக்கு அனுப்பச் சொல்லி வருபவர்களின் வேலையை நான் எடுப்பதில்லை. அப்படிப்பட்ட பட்டியலை எந்தத் தளத்தில் ஏற்றினாலும் புகார்தான் வரும்.

பணம் கட்டும் முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். பத்து முகவரிகளை ஏற்றுங்கள், இரண்டு பேரை விலகச் சொல்லுங்கள், பிறகு மொத்தத்தையும் சிஎஸ்வி கோப்பாகக் கீழே இறக்குங்கள். ஒப்புதல் தந்த தேதியும் விலகியவர்களின் பட்டியலும் அதில் வரவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தத் தளத்தை வாங்காதீர்கள்.