புல்லுக்குப் போன தண்ணீர்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வசதியான வீடுகளின் முன்னால் கிக்குயூ புல்லைப் பார்க்கலாம். நம் அருகு போலக் கொடியோடிப் படரும் புல் அது. அங்கே மழைக்காலம் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரைதான். கோடையில் புல் பச்சையாக இருக்க வேண்டுமானால் குழாயைத் திறந்தாக வேண்டும். 2015 தொடங்கி மூன்று வருடம் மழை பொய்த்தபோது, முதலில் கைவைக்க வேண்டியதும் அந்தக் குழாயில்தான்.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். ஒரு சென்ட் புல்லில் அரை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்படி விட்டால் 200 லிட்டர் போய்விடும். 2018 பிப்ரவரி முதல் அந்த மாநகராட்சி ஆளுக்கு நாளொன்றுக்கு அனுமதித்தது 50 லிட்டர். குளியல், சமையல், துவையல், கழிவறை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். நாலு பேரின் ஒருநாள் தண்ணீரை ஒரு சென்ட் புல் குடித்துவிடும்! தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் விட முந்தைய வருடமே தடை போட்டிருந்தார்கள். குளிக்கும்போது காலடியில் வாளி வைத்து, அந்தத் தண்ணீரைக் கழிவறைக்கு ஊற்றப் பழகினார்கள் மக்கள்.

சொந்த போர் வைத்திருந்தவர்களையும் விடவில்லை. செவ்வாய், சனி மட்டும், காலை 9 மணிக்கு முன் அல்லது மாலை 6 மணிக்குப் பின், ஒரு மணி நேரம்தான். சிலருக்கு இது கசந்திருக்கும். ஆனால் காம்பவுண்டு சுவர் தரைக்கு மேலேதான். நிலத்தடியில் எல்லை கிடையாது. கிணறு வைத்திருக்கும் எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான்.

அந்த அணைகளை நம்பிய விவசாயிகளின் பங்கை 60 சதவீதம் வெட்டினார்கள். பழத்தோட்டங்களில் பருவ வேலைக்குப் போன ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அப்படியிருந்தும் கிராபோ பகுதியில் ஆப்பிள், பேரி பயிரிடும் விவசாயிகளின் நீர்ப் பயனாளர் சங்கம், தங்கள் அணையில் சேமித்திருந்த தண்ணீரில் 1,000 கோடி லிட்டரை அந்தப் பிப்ரவரியில் நகரத்துக்குத் திறந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கிற தண்ணீர். பாசனத்துக்கென்று சேர்த்ததைக் கொடுப்பது என்ன பாடு என்று நகரத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ!

ஏப்ரல் 12-ல் குழாய்களை அடைத்து, ஆளுக்கு 25 லிட்டர் வரிசையில் நின்று பிடிக்கும் நிலை வரும் என்று ஒரு கட்டத்தில் நாள் குறித்திருந்தார்கள். அது வரவில்லை. ஜூனில் மழை பிடித்தது. கிக்குயூ மேலே காய்ந்தாலும் அடித்தண்டு உயிரோடிருக்கும். நாலு மழைக்குத் தானே துளிர்த்துக்கொள்ளும்.

அக்டோபரில் 70 லிட்டராகத் தளர்த்தினார்கள். புல்லுக்குக் குழாய்த் தண்ணீர் அப்போதும் கிடையாது.