தோள் தூக்கியதும் இடுப்பு தூக்கியதும்

மாலை வேளையில் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள உடற்பயிற்சிக் கூடம் ஒன்றனுள் நுழைவோர் இருவகை இளைஞரைக் காண்பர். ஒருவர் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முதுகு அசையாமல், பத்துக் கிலோ டம்பெலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குவார். மற்றவரோ இருபது கிலோவைப் பற்றி, இடுப்பை முன்னே வீசி, தோளைக் குலுக்கி, ஒரே வீச்சில் மேலே கொண்டு சென்றுவிடுவார். புதிதாய் வந்த சிறுவனின் கண் இரண்டாமவர் மீதே செல்லும். இருபது பத்தினும் பெரிதன்றோ!

கர்லாக் கட்டையும் தண்டாலும் பழகிய தமிழரிடையே டம்பெலுக்குப் பெருமை சேர்த்தவருள் யூஜின் சாண்டோ ஒருவர். 1905-இல் அவர் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னும், கையில்லாப் பனியனுக்கு முன்னும் இன்றளவும் நிற்பது அவர் பெயரே. அவரோ இலேசான டம்பெலை மனம் ஊன்றிப் பயிலுமாறு கற்பித்தவர். பனியன் நிலைத்த அளவுக்கு அப்பாடம் நிலைக்கவில்லை.

முறை தளர்ந்தால் என்னவாகும் என்பதற்கு ஒலிம்பிக் வரலாறே சான்று பகரும். 1928 முதல் பளுதூக்கும் போட்டியில் மூன்று முறைகள் இருந்தன. 1950-இல் ஆக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டில் மலாயா இரண்டு தங்கம் வென்றதும் அம்மூன்றிலுமே. அவற்றுள் ‘பிரெஸ்’ என்பது, தோளளவு கொணர்ந்த பளுவைக் காலின் உதவியின்றிக் கைவலியால் மட்டுமே தலைக்குமேல் உயர்த்துவது. ‘ஜெர்க்’ என்பதில் முழங்காலை மடக்கி உந்தலாம். எனவே ஜெர்க்கில் மிகுதியாகத் தூக்குவதே இயல்பு. 1928-இல் பேரெடைப் பிரிவில் வென்ற ஸ்ட்ராஸ்பெர்கர் பிரெஸ்ஸில் 122.5 கிலோவும் ஜெர்க்கில் 142.5 கிலோவும் தூக்கினார். 1972 மியூனிக்கில் அலெக்சேயெவ் பிரெஸ்ஸில் 235, ஜெர்க்கில் 230! காலும் கையும் சேர்ந்து தூக்கியதனினும் கை தனித்துத் தூக்கியது மிகுதியாம். அம்மாவீரரின் வலிமையில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் வீரர்கள் இடுப்பை உந்தி, முதுகைப் பின்னே வளைத்து, மார்பு வானை நோக்கத் தூக்கப் பழகியிருந்தனர். எவ்வளவு வளைவு குற்றம் என்பதில் நடுவர்கள் ஒத்துப்போக இயலவில்லை. அவ்வாண்டோடு பிரெஸ் நீக்கப்பட்டது. பக்கத்து மாணவன் எழுதிய விடையைத் தாளில் கண்டுபிடிக்கும் ஆசிரியர்க்கு நடுவரின் இடர்ப்பாடு எளிதில் விளங்கும்.

ஆயினும் தளர்ந்த முறையை முற்றாகத் தள்ளுதல் நடுநிலையாகாது. கட்டழகர் போட்டியில் எவரும் கிலோவை எண்ணுவதில்லை, தசையையே பார்க்கின்றனர். பளுவை உயர்த்துகையில் தளரும் தசை, அதனை இறக்குகையில் இன்னும் தாங்கும். ஆகவே முறைப்படி செய்து கை ஓய்ந்தபின், சிறிது உடலசைவோடு ஏற்றி, மெல்ல இறக்கி, இன்னும் இரண்டு முறை செய்வது பழகியவர் கையாளும் உத்தி. அண்மையில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், பயில்வோரின் ஒரு கையை முறைப்படியும் மறுகையை வீச்சோடும் பயிற்றி அளந்தபோது, இரு கைகளும் ஏறத்தாழ ஒரே அளவு வளர்ந்திருந்தன. மிகுந்த பளு மிகுந்த தசையைத் தரவில்லை என்றால், அந்த மிகுதியை முதுகெலும்பின் மேல் ஏற்றுவானேன்? பழகியவரேனும் தம் எல்லையை அறிவர்; பதினைந்து வயதுச் சிறுவன் அறியான்.

அவனுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. குதிகாலைச் சற்று முன்னே வைத்து, முதுகும் பிட்டமும் சுவரில் படிய நின்று, அதே பளுவை உயர்த்திப் பார்க்க வேண்டும். இருபது கிலோவை வீசியவன் பன்னிரண்டிலேயே திணறுவானாயின், எஞ்சிய எட்டும் இடுப்பு தூக்கியவை.