எவருக்காக இந்த மௌனம்?

ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களிலே, கடுங்குற்றத்துக்காக ஒருவரை விசாரணைக்கு நிறுத்தலாமா என்பதைக் 'கிராண்ட் ஜூரி' எனப்படும் குடிமக்கள் குழு தீர்மானிக்கின்றது. கென்டக்கி மாநிலத்தில் இக்குழுவினர் பன்னிருவர். ஒன்பதின்மர் இசைந்தாற் போதும். அடைத்த கதவுக்குள்ளே நீதிபதியும் இல்லை, எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் இல்லை. அரசு வழக்கறிஞர் காட்டுவதே சான்று. உள்ளே நடந்ததை ஜூரர் வெளியே சொல்லலாகாது என்பதே பெரும்பாலும் விதி.

இவ்விதி சரியென்றே நாமும் நெடுங்காலம் கருதினோம். குடியியல் வகுப்பிலே அவ்வாறே கற்பித்தும் வந்தோம். குற்றஞ்சாட்டப்படாது விடப்பட்டவரின் மானம் காக்கப்பட வேண்டும். சாட்சி அச்சமின்றிப் பேச வேண்டும். வலியோர் ஜூரர்களை மிரட்டலாகாது. இவை இன்றும் நல்ல நியாயங்களே.

எமது எண்ணத்தை அசைத்தது லூயிவில் நகரத்துச் சம்பவம். 2020 மார்ச் 13ஆந் திகதி நள்ளிரவு கடந்த வேளையில், பிரியோனா டெய்லர் என்னும் 26 வயதுக் கறுப்பினப் பெண் தமது வீட்டினுள்ளேயே பொலிஸாரின் குண்டுகளுக்கு இரையானார். செப்டெம்பர் 23ஆந் திகதி, கிராண்ட் ஜூரி முன்னாள் பொலிஸ்காரர் ஒருவர்மீது மட்டும் குற்றஞ்சாட்டிற்று. அதுவும் அயல்வீட்டினுள் பாய்ந்த குண்டுகளுக்காக! அப்பெண்ணின் சாவுக்காக அங்கே எவர்மீதும் குற்றஞ்சாட்டப்படவில்லை. மற்ற இருவர் சுட்டது நியாயமே என்பதை ஜூரியும் ஏற்றுக்கொண்டதாக மாநிலச் சட்டமா அதிபர் டானியல் கமரன் பத்திரிகையாளர் முன் கூறினார்.

ஐந்தே நாளில் ஜூரர் ஒருவர், பேச அனுமதி வேண்டிப் பெயர் மறைத்து நீதிமன்றை நாடினார். சட்டமா அதிபர் எதிர்த்தார். ஒக்டோபர் 20ஆந் திகதி நீதிபதி ஆனி ஓகானல் அனுமதியளித்தார். கொலைக்குற்றம் எதுவும் தங்கள்முன் வைக்கப்படவேயில்லை என்றும், வேறு குற்றச்சாட்டுகள் பற்றி வினவியபோது அவை இல்லையெனச் சொல்லப்பட்டது என்றும் அந்த ஜூரர் வெளிப்படுத்தினார். கேட்கப்படாத கேள்விக்கு அவர்கள் விடையளித்ததாக நாட்டுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இரகசியம் எளியோர்க்கு அரணாக அமைக்கப்பட்டது. அதிகாரி அதன்பின்னே ஒளிந்துகொள்வதற்கன்று. சாட்சியின் பெயரும், சக ஜூரர் அளித்த வாக்கும், குற்றஞ்சாட்டப்படாதவர்பற்றிய வதந்தியும் மூடியே இருக்கட்டும். ஆனால், ஜூரியின் பெயரால் அதிகாரி பேசிவிட்டபின், தம்முன் வைக்கப்பட்டது எது, வைக்கப்படாதது எது என்று கூறும் உரிமை ஜூரர்க்கு உண்டு. மக்களின் பெயரால் நடப்பதற்கு மக்களே சாட்சியாகக் கூடாதெனில், அது எவருடைய நீதி?

வகுப்பிலே இனி இந்தப் பாடத்தை நாம் வேறுவிதமாகவே கற்பிப்போம்.