தொடும் கையும் கேட்கும் உரிமையும்: பேராக் தமிழரின் பயணங்களில் உடற்சோதனை

விமானத்தில் ஏறவிருக்கும் பயணியிடம் ஆயுதமோ வெடிபொருளோ இல்லை என்று உறுதிசெய்யும் உடற்சோதனை இன்று மூன்று முறைகளில் நடைபெறுகிறது. பயணி நடந்து கடக்கும் வாயில் ஒன்று அவர்மேலுள்ள உலோகத்தை உணர்ந்து ஒலி எழுப்புவது முதல் முறை; கைகளை உயர்த்தி நிற்பவர்மீது உடையை ஊடுருவும் மின்காந்த அலைகளைச் செலுத்தி, உலோகமாயினும் அல்லவாயினும் உடலோடு ஒட்டி மறைந்திருக்கும் பொருளைக் கண்டறியும் உடல்வருடி இரண்டாவது முறை; கையுறை அணிந்த அலுவலர் ஒருவர் உடையின்மேல் கைவைத்துத் தடவிப் பார்க்கும் கைச்சோதனை மூன்றாவது முறை. கைச்சோதனையைப் பலரும் கூச்சத்தோடுதான் ஏற்கிறார்கள் என்றாலும், இயந்திரத்தை வேண்டாமென்று விலக்கி அதையே கேட்டுப் பெறுவோரும் உண்டு. இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தப்பட்டவர்கள், கதிர்வீச்சை அஞ்சும் கர்ப்பிணிகள், தம் உடலின் உருவம் பிறர் பார்வைக்குச் செல்வதை விரும்பாதவர்கள் எனக் காரணங்கள் பலவாக இருப்பினும், தம் உடலை எவ்வாறு சோதிப்பது என்பதில் தமக்கும் ஒரு சொல் உண்டு என்ற எண்ணமே அவர்கள் அனைவருக்கும் பொதுவானது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் தொடங்கி ஈப்போவைச் சூழ்ந்திருந்த ரப்பர் தோட்டங்களின் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்து, அத்தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின் புந்தோங் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளில் வாழ்ந்துவரும் தமிழ் முதியோர், பழனிக்கும் திருச்சிக்கும் இராமேசுவரத்துக்கும் யாத்திரை செல்வதும், வெளிநாட்டில் குடியேறிய பிள்ளைகளைக் காண லண்டனுக்கும் மெல்பர்னுக்கும் பறப்பதும் இன்று வழக்கமாகிவிட்டன. ஈப்போவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தெற்கே கோலாலம்பூர்வரை இரயிலிலோ பேருந்திலோ வந்து, அங்கிருந்து 1998-இல் திறக்கப்பட்ட பன்னாட்டு விமான நிலையத்தை அடையும் இவர்களைச் சோதனை வாயிலில் கவனிப்போருக்கு ஒன்று புலப்படும். முழங்காலில் உலோக மூட்டு வைத்திருக்கும் மூதாட்டி, வாயில் ஒலித்தவுடன் எதுவும் சொல்லாமல் கைகளை விரித்து நின்றுவிடுகிறார். மறைவிடம் வேண்டுமென்றோ, மூட்டு மாற்று அறுவை நடந்திருக்கிறதென்றோ அவர் வாய்திறப்பதில்லை. இந்த அமைதியை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பேராக் தோட்டப்புறத்தின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு ஒதுக்க மாட்டார்கள்.

அந்த வரலாறு கடற்பயணத்திலேயே தொடங்குகிறது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடிபெயர்வு முகாம்களில் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டபின், ரஜூலா போன்ற கப்பல்களின் திறந்த தளத்தில் இடம்பிடித்து வந்த தொழிலாளர்கள், பினாங்கை அடைந்தவுடன் நேரே தோட்டத்துக்குச் செல்ல இயலவில்லை. தொற்றுநோய் பரவாமல் தடுக்கப் புதிதாக வருவோரைத் தனித்து வைக்கும் இடமாகிய ஜெரெஜாக் தீவு முகாமில் இறக்கப்பட்டு, உடலும் உடையும் மூட்டையும் பார்வையிடப்பட்ட பிறகே அவர்கள் தம்மை வேலைக்கு அழைத்துவந்த கங்காணியோடு போக முடிந்தது. அப்பரிசோதனைக்கு மருத்துவக் காரணம் இருந்தது உண்மை. எனினும், உடல்மீது பிறர் கைபடுவதற்கு இசைவு கேட்கப்படாத ஒரு நுழைவாயிலே மலாயாவில் அவர்கள் கண்ட முதல் வாயிலாக அமைந்தது.

இரண்டாவது வாயில் தோட்டத்துக்குள்ளேயே எழுந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பிரிட்டிஷ் அரசு மலாயாவில் அவசரகாலத்தை அறிவித்தது; அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. 1950-இல் கொரில்லா எதிர்ப்பு நடவடிக்கைகளின் இயக்குநராக நியமிக்கப்பட்ட ஹெரால்டு பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. காட்டிலிருந்த கொரில்லாக்களுக்கு உணவு கிடைக்காமல் செய்வதே நோக்கமாதலால், 1951 முதல் அரிசி பங்கீட்டில் தரப்பட்டதோடு, வேலிக்கு வெளியே உணவு எடுத்துச் செல்வதும் தடுக்கப்பட்டது. தகர டப்பா உணவுகளைக் கடைக்காரர் விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்கவேண்டும் என்ற விதியும் இருந்தது. துளையிட்ட உணவு விரைவில் கெட்டுவிடும் என்பதால் அதைக் காட்டில் சேமித்துவைக்க இயலாது.

இவ்விதிகள் பால்வெட்டுத் தொழிலாளியின் விடியற்காலையை எவ்வாறு மாற்றின என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. பெரட்டு என்னும் விடியற்காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து, தமக்கு ஒதுக்கிய மரவரிசையாகிய நிரைக்குப் புறப்படும் ஆணும் பெண்ணும் வேலியின் வாயிலில் வரிசையாக நின்று, உளிக்கத்தியும் வாளியும் அதைச் சுமக்கும் காண்டாக் கழியும் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்ட பின், தம் உடலையும் காவலர் கைக்குக் காட்டவேண்டியிருந்தது. மிதிவண்டிக் குழாயிலும் வாளியின் அடியிலும் அரிசி கடத்தப்படலாம் என்ற ஐயத்தால் அப்பொருள்கள் தட்டிப் பார்க்கப்பட்டன. சேலை மடிப்பிலும் இடுப்பிலும் மறைக்கப்படலாம் என்ற ஐயத்தால் பெண்களின் உடையும் சோதிக்கப்பட்டது. சோறு கட்டி எடுத்துச் செல்ல முடியாத நிலையில், பால் எடுத்து முடிக்கும் நண்பகல்வரை வெறும் வயிற்றோடு வேலை செய்யவேண்டியதாயிற்று. நாட்டின் பிற பகுதிகள் பல கட்டுப்பாடுகளிலிருந்து விடுபட்ட பின்னரும் பேராக்கில் இவை தொடர்ந்தன. 1958-இலும் மத்திய பேராக்கில் 'ஜிஞ்சர்' என்ற பெயரில் பெரிய உணவுத் தடை நடவடிக்கை நடந்தது.

இச்சோதனைகள் எல்லை மீறியதற்கான வெளிப்படையான சான்று அண்டை மாநிலமான சிலாங்கூரில் பதிவாகியுள்ளது. செமினி என்னும் ஊரின் வாயிலில் நடந்த உணவுச் சோதனையின்போது பெண்கள் ஆடை களையும்படி செய்யப்பட்டார்கள் என்ற புகார் எழுந்து, அதை விசாரிக்க அரசே குழு அமைத்து, 1956-இல் அதன் அறிக்கையை வெளியிட வேண்டியதாயிற்று. சோதனை தேவை என்று வாதிட்ட ஆட்சியாளரும், அது நடத்தப்படும் முறைக்குப் பொதுமக்களிடம் பதில் சொல்லியாகவேண்டும் என்பதை அந்த அறிக்கையால் ஏற்றுக்கொண்டார்கள். இன்று எண்பது வயதைக் கடந்த தோட்டப்புற மூதாட்டி, அவ்வாயில்களில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுமியாக இருந்திருக்கக்கூடும். சீருடை அணிந்தவர் முன் மறுசொல் பேசாமல் நின்றால்தான் அன்றைய கூலி நிலைக்கும் என்பது அவர் தலைமுறை கற்ற பாடம்.

விமான நிலையங்களின் இன்றைய நடைமுறை வேறொரு சூழலில் உருவானது. 2009 டிசம்பர் 25 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் உள்ளாடைக்குள் வெடிபொருளை மறைத்து வந்த ஒருவர் அதை வெடிக்கச்செய்ய முயன்று பிடிபட்டபின், உலோகத்தை மட்டும் உணரும் வாயில் போதாது என்று கருதிய அமெரிக்காவும் பிரிட்டனும் உடல்வருடிகளை விரைந்து பரப்பின. அவற்றுள் ஒருவகை மிகக் குறைந்த அளவு எக்ஸ் கதிரைப் பயன்படுத்தி, ஆடையற்ற உடலை ஒத்த உருவத்தைத் திரையில் காட்டியதால் கடும் எதிர்ப்பு எழுந்து, 2013-இல் அமெரிக்க விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்டது. இப்போது பரவலாக உள்ள வகை மில்லிமீட்டர் அலை எனப்படும் வானொலி அலையைக் கொண்டு இயங்குவதாகும்; அது பயணியின் உண்மை உருவத்தைக் காட்டாமல், எல்லோருக்கும் பொதுவான ஒரு கோட்டுருவத்தின்மேல் ஐயத்துக்குரிய இடத்தை மட்டும் கட்டமிட்டுக் காட்டுகிறது.

வருடியை மறுத்துக் கைச்சோதனையைத் தெரிவுசெய்யும் உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் வகுத்த விதிகளிலேயே அதை வழங்கியது; வருடியை மறுப்பவர் பறக்க முடியாது என்று தொடக்கத்தில் கூறிவந்த பிரிட்டன், 2013-இல் மாற்றுச் சோதனைக்கு இடமளித்தது; அமெரிக்கா அவ்வுரிமையைத் தொடக்கமுதல் அளித்து, 2015 டிசம்பரில் சில பயணிகளுக்கு மட்டும் வருடியைக் கட்டாயமாக்கலாம் என்று மாற்றியது; ஆஸ்திரேலியாவில் 2012-இல் வருடி அறிமுகமானபோது, மருத்துவக் காரணமோ உடற்குறைபாடோ இல்லாதவர்களுக்கு இத்தெரிவு வழங்கப்படவில்லை. ஆகவே, லண்டனுக்குச் சென்று திரும்பும் தாய்க்குக் கிடைக்கும் உரிமை மெல்பர்னுக்குச் சென்று திரும்பும் தாய்க்கும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

சேலை அணிந்த பெண்ணுக்கு எந்த முறையும் எளிதானதன்று. இடுப்பில் செருகிய கொசுவம் பல மடிப்புகளாகக் குவிந்திருப்பதால் வருடி அவ்விடத்தைக் கட்டமிட்டுக் காட்டிவிடலாம்; தோளில் முந்தானையைப் பிடித்திருக்கும் ஊக்கும், தாலிக்கொடியும், வளையலும், மெட்டியும் உலோக வாயிலை ஒலிக்கச் செய்யலாம். எந்த வழியில் சென்றாலும் முடிவில் அலுவலரின் கை இடுப்பைச் சுற்றி வருவதும், கையுறையில் வெடிபொருள் துகள் ஒட்டியிருக்கிறதா என்று இயந்திரத்தில் பார்ப்பதும் நிகழ்கின்றன. 2010 டிசம்பரில் அமெரிக்காவின் ஜாக்சன் நகரில், அந்நாட்டுக்கான இந்தியத் தூதராக இருந்த மீரா சங்கர், சேலை அணிந்திருந்ததால் தனியே அழைக்கப்பட்டு, பிறர் பார்வை படும் அடைப்பில் கைச்சோதனைக்கு உள்ளானார் என்ற செய்தி வெளியானபோது, இந்திய அரசு கண்டனம் தெரிவித்தது. இராமேசுவரத்தில் பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்துல் கலாம், 2009 ஏப்ரலில் டெல்லி விமான நிலையத்தில் அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றின் ஊழியர்களால் சோதிக்கப்பட்டதும், 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி அமர்ந்தபின் அவருடைய மேலங்கியும் காலணியும் சோதனைக்கு வாங்கிச் செல்லப்பட்டதும் பலர் அறிந்தவை. அவர் மறுப்பேதும் சொல்லாமல் உடன்பட்டார். பின்னர் மன்னிப்புக் கேட்கப்பட்டது. தூதருக்காகவும் முன்னாள் குடியரசுத் தலைவருக்காகவும் அரசு குரல் கொடுத்தது. தோட்டப்புற மூதாட்டிக்காகக் குரல்கொடுக்க அவருடைய குடும்பம் மட்டுமே இருக்கிறது.

திருச்சியிலிருந்து திரும்பும் பயணி காணும் இந்திய நடைமுறை இவற்றினும் வேறுபட்டது. அங்கே கைச்சோதனை சிலருக்கென்று ஒதுக்கப்படாமல் எல்லோருக்கும் பொதுவாக உள்ளது. பெண்கள் திரையிட்ட சிறு அடைப்புக்குள் சென்று ஒரு மேடைமீது ஏறி நிற்க, பெண் காவலர் கைக்கருவியாலும் கையாலும் சோதிக்கிறார். திரை இருக்கிறது, சோதிப்பவர் பெண்ணாக இருக்கிறார், யாரும் தனித்து நிறுத்தப்படுவதில்லை என்ற மூன்றும் அச்சோதனையின் கூச்சத்தைப் பெரிதும் குறைக்கின்றன. ஆயினும் அங்கும் குறை இல்லாமல் இல்லை. 1981-இல் திருச்சி அருகே நேர்ந்த பேருந்து விபத்தில் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலுடன் மீண்டும் மேடையேறிய நடனக் கலைஞர் சுதா சந்திரன், விமான நிலையங்களில் ஒவ்வொரு முறையும் அந்தக் காலைக் கழற்றச் சொல்வது எவ்வளவு புண்படுத்துகிறது என்று 2021-இல் காணொளி வழியே முறையிட்டதும், பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. அவர் பேசியதால்தான் அக்குறை வெளியே தெரிந்தது என்பதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

தோட்டத்து வாயிலையும் விமான நிலைய வாயிலையும் ஒன்றென்று கூறுவது பிழையாகும். முன்னது, ஒரு மக்கள் கூட்டத்தின்மீதே ஐயம் கொண்டு, அவர்களைப் பசியோடு வேலைக்கு அனுப்பியது. பின்னது, பயணிகள் எல்லோரின் உயிரையும் காக்கவே எழுந்தது, அதற்கு உடன்படுவது கடமையும் ஆகும். ஆனால் சோதிக்கப்படும் உடலுக்கு உரிய மதிப்பு இரண்டிடத்திலும் ஒன்றே. காரணம் சொல்லப்படுவது, தன் பாலினத்தவர் சோதிப்பது, மறைவிடம் கிடைப்பது, உடனிருக்க ஒருவரை அனுமதிப்பது ஆகியவை இருந்தால் கைபட்டாலும் மானம் குன்றுவதில்லை. அவை இல்லாதபோது, கைபடாத இயந்திரமும் இழிவுபடுத்தும்.

எனவே பேராக் தமிழ்க் குடும்பங்கள் தம் பெரியோரை வழியனுப்பும்போது செய்யவேண்டியது ஒன்று உண்டு. மூட்டு மாற்றமோ பேஸ்மேக்கரோ இருப்பதைக் கூறும் மருத்துவ அட்டையோடு, "பெண் அலுவலர் சோதிக்கவேண்டும், தனியறை வேண்டும், இயந்திரத்துக்குப் பதில் கைச்சோதனை இயலுமா" என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சீட்டு ஒன்றைக் கடப்பிதழுக்குள் வைத்து அனுப்புங்கள். கேட்டால் விமானம் தவறிவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை, ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்றால் போதும் என்று அவர்களிடம் சொல்லுங்கள். கேட்பது குற்றமாகாது என்பதை அவர்கள் தம் பிள்ளைகளின் வாயிலிருந்து கேட்டறியட்டும்.