எதை முதலில் தேடுவது?

பார்பெல்லியனின் ‘ஏமாற்றமுற்ற மனிதனின் நாட்குறிப்பு’ நூலைச் சேர்ந்து வாசித்து முடித்த மாலையில் எங்களுக்குள் ஒரு விவாதம் மூண்டது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவர், 1915இல், இராணுவத் தேர்வில் காட்டும்படி மருத்துவர் கொடுத்தனுப்பிய முத்திரையிட்ட கடிதத்தைப் பிரித்துப் படித்துத்தான் தம் நோயை அறிந்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே நரம்பிழைகளின் மேலுறையை அரித்துவிடும் நோய். 1919இல், முப்பது வயதில் மறைந்தார்.

முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1993இல்தான். பின்வந்த மருந்துகளில் பெரும்பாலானவை விட்டுவிட்டுத் தாக்கும் வகைக்கே உதவின. தொடக்கம் முதலே படிப்படியாக முற்றும் வகைக்கான முதல் மருந்து, ஓக்ரெலிசுமாப், 2017இல்தான் வந்தது.

இனி ஆய்வு நிதி எங்கே செல்லவேண்டும்? நோயின் வேரை நோக்கி என்றார் நண்பர் ஒருவர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்காவதைக் காட்டியதே, தடுப்பூசி கண்டால் போதாதா என்றார்.

இந்நோயோடு வாழும் எங்கள் தோழி மெல்லச் சொன்னார்: “அது இனிப் பிறக்கும் பிள்ளைகளைக் காக்கும். எனக்கோ நடை தளர்கிறது. அரிபட்ட உறையை மீண்டும் வளர்க்கும் மருந்தை யார் தேடுவது?”

இரண்டும் வேண்டும் என்றோம். “பணம் ஒன்றுதானே!” என்றார். எங்களிடம் மறுமொழி இல்லை. ஆயினும், எந்த ஆய்வு முதலில் என்று முடிவுசெய்யும் அவையில் அவரைப் போன்றோரும் அமரவேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. பார்பெல்லியனின் மனைவிக்கு நோயின் பெயர் முன்பே தெரிந்திருந்தது; நோயாளியிடம்தான் ஒருவரும் சொல்லவில்லை.