ராப்சனும் என் ரகசியமும்

போன வருஷம் ஜூனில் பேரனைப் பார்த்துக்கொள்ள நானும் மனைவியும் நியூகாசிலுக்குப் போயிருந்தோம். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலை. ஜூன் மாதத்திலேயே மஃப்ளர் கட்டிக்கொண்டு நடக்கிற ஊர். பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டுவதுதான் எனக்கு உத்தியோகம். (சம்பளம்: இரண்டு வேளை காபி.)

ஒரு நாள் உருட்டிக்கொண்டே செயின்ட் ஜேம்ஸ் பார்க் கால்பந்து ஸ்டேடியம் வரை போய்விட்டேன். வெளியே ஒரு வெண்கலச் சிலை. ‘சர் பாபி ராப்சன்’.

அட, இவரை எனக்குத் தெரியுமே!

1990 ஜூலை 4. உலகக் கோப்பை அரை இறுதி, இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும். நம் நேரப்படி ராத்திரி பதினொன்றரைக்கு தூர்தர்ஷனில். திருச்சியில் எங்கள் வீட்டு கறுப்பு வெள்ளை டி.வி. முன்னால் நானும் அப்பாவும். இங்கிலாந்துக் கோச்தான் ராப்சன். நரைத்த தலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 1986-ல் மாரடோனா கையால் தட்டிப் போட்ட கோலைப் பார்த்து வாயடைத்து நின்றாரே, அதே மனுஷன்.

1-1. பெனால்டி. ஒருத்தர் அடித்தது கோல்கீப்பர் காலில் பட்டது, இன்னொருத்தர் அடித்தது வானத்துக்குப் போனது. ராப்சன் தோற்றார். அப்பா, “பாவம்டா, நல்ல மனுஷன்” என்றார்.

அந்த ஆட்டத்தின் நடுவே அப்பா நாலைந்து தடவை கொல்லைப்புறம் போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் திரையை மறைத்துக்கொண்டு எழுந்தார். “என்னப்பா, கொஞ்சம் உட்காருங்களேன்” என்று எரிந்து விழுந்தேன். அவர் சிரித்து மழுப்பினார்.

அப்போதே ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மூலம் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, கருணைக்கிழங்கும் மோருமாக எட்டு மாதம் ஓட்டியிருக்கிறார். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. கடைசியில் மயங்கி விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். குடலில் புற்றுநோய். 1991 பொங்கலுக்கு அவர் இல்லை. எங்கள் வீட்டில் அந்த வியாதியின் பெயரை இன்றைக்கும் யாரும் சொல்வதில்லை. ‘அது’ என்போம். அதுவும் குரலைத் தாழ்த்தித்தான்.

சிலையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ராப்சனைப் பற்றி மாப்பிள்ளை நிறையச் சொன்னார். அந்த ஊரில் ராப்சன் பேச்சை எடுத்தால் யாரும் லேசில் விட மாட்டார்களாம்.

டர்ஹாம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். அப்பா 51 வருஷ வேலையில் ஒரே ஒரு ஷிப்டுதான் தவறவிட்டாராம். ராப்சனும் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன் வேலை பழகிவிட்டுத்தான் ஃபுல்ஹாமுக்கு ஆடப் போனார். இங்கிலாந்துக்காக 20 ஆட்டம். பிறகு கோச். இப்ஸ்விச் என்கிற சின்ன ஊர் அணிக்கு 1978-ல் எஃப்.ஏ. கோப்பையும் 1981-ல் யு.இ.எஃப்.ஏ. கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். ஆட்டக்காரர்கள் பெயர்தான் அவருக்கு நிற்காது. தன் அணியின் கேப்டன் பிரையன் ராப்சனைப் பார்த்து “ஹலோ பாபி” என்றாராம். “நான் பிரையன், நீங்கள்தான் சார் பாபி!”

மேலே சொன்னதெல்லாம் விளையாட்டு. இனி சொல்லப்போவது இல்லை.

1992-ல் அவருக்குக் குடலில் புற்றுநோய். என் அப்பாவுக்கு வந்த அதே இடம். ஆபரேஷன் செய்துகொண்டு வேலைக்குத் திரும்பினார். 1995-ல் முகத்துக்குள் வந்தது. வாயின் மேல் அண்ணத்தைத் திறந்து எடுத்தார்கள். அண்ணத்து ஓட்டையை அடைக்க ஒரு செயற்கைத் தக்கை. இனி வேலையே பார்க்க முடியாது என்றார்கள். மனுஷன் போர்த்துகலுக்குத் திரும்பிப் போய், போர்ட்டோ அணிக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்து, அடுத்து பார்சிலோனாவுக்கும் கோச்சாகப் போய்விட்டார்! 2006-ல் நுரையீரல், அப்புறம் மூளை. 2007-ல் மறுபடி நுரையீரல். இந்தத் தடவை குணமாக்க வழியில்லை. மொத்தம் ஐந்து.

அந்த நிலைமையில், அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ரூத் பிளம்மர் ஓர் உதவி கேட்டார். நியூகாசில் ஃப்ரீமன் ஆஸ்பத்திரியில் புதுப் புற்றுநோய் மருந்துகளைப் பரிசோதிக்கும் மையம் அமைக்க 5 லட்சம் பவுண்டு வேண்டும். 2008 மார்ச்சில் ராப்சன் தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். தனக்கு என்ன வியாதி, அது எங்கே இருக்கிறது, இனி குணமாகாது என்று பெயர் சொல்லிப் பேசினார். ஏழு வாரத்தில் 5 லட்சம் சேர்ந்துவிட்டது. இன்றைக்குக் கணக்கு ஒரு கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.

2009 ஜூலை 26. அதே செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில், 1990 அரை இறுதியின் நினைவாக இங்கிலாந்து, ஜெர்மனிப் பழைய ஆட்டக்காரர்கள் அறக்கட்டளைக்காக ஆடினார்கள். அன்று அழுத காஸ்காய்னும் வந்திருந்தார். ராப்சனைச் சக்கர நாற்காலியில் மைதானத்துக்குள் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்து 3-2. கடைசி கோல் ஷியரர் அடித்த பெனால்டி! ஐந்து நாள் கழித்து, ஜூலை 31-ல் ராப்சன் காலமானார். வயது 76.

மாப்பிள்ளை சொல்லி முடித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் ராப்சன் மட்டுமில்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எனக்கும் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியில் மாத்திரைகளோடு ஒரு பாட்டில் மூல லேகியமும் வந்திருந்தது. அப்பன் பிள்ளை!

திருச்சிக்குத் திரும்பிய மறுநாள் காலை. மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்க, சட்டினியா சாம்பாரா?”

“ரெண்டு மாசமா ரத்தம் போகுது. அப்பாவுக்குப் போச்சே, அந்த மாதிரி. புற்றுநோயான்னு பார்த்துடணும்.”

கத்தி நின்றது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயமா என்று நான் கேட்கவில்லை.

“ஒன்பது மணிக்கு டாக்டர் வருவார்” என்று அடுப்பை அணைத்தாள். “சட்டையை மாத்துங்க.”