தொற்றும் தீட்டும்

நோய் எவ்வாறு பரவுகின்றது என்னும் வினா மருத்துவருக்கு மாத்திரம் உரியதன்று. அவ்வினாவுக்கு ஒரு சமுதாயம் அளிக்கும் விடையில் அச்சமுதாயத்தின் பழைய நினைவுகளும் அச்சங்களும் விலக்குகளும் கலந்தே இருக்கும். அம்மை நோயை அம்மனின் வருகையெனக் கொண்டு வாயிலில் வேப்பிலை செருகிய யாழ்ப்பாணத்து வீடு, நோயாளியை ஒதுக்கி வைத்தபோதிலும் இழித்துரைக்கவில்லை. குட்டநோயாளியையோ அதே வீடு ஒதுக்கியும் வைத்தது, இழித்தும் உரைத்தது. நோயின் தன்மையினும் நோய் பற்றிய கற்பனையே நோயாளியின் வாழ்வைப் பெரிதும் தீர்மானித்தது எனலாம். எச்.ஐ.வி. எனப்படும் வைரசின் வரலாற்றிலும் இவ்வுண்மை மீண்டும் புலனாகின்றது. அதனை அளவெட்டி போன்றதொரு கிராமத்தை நிலைக்களமாகக் கொண்டு நோக்குதல் பயனுடையது.

அளவெட்டி செம்மண் தோட்டங்களும் கிணறுகளும் கோயில்களும் நிறைந்த ஊர். தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் நாதஸ்வரக் கலைஞர் என். கே. பத்மநாதனும் அவ்வூரின் பெயரைத் தம் பெயருடன் சேர்த்துக் கடல் கடந்தும் ஒலிக்கச் செய்தவர்கள். கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தி பிறந்த ஊரும் அதுவே. இத்துணைக் கலைச்சிறப்பு வாய்ந்த ஊரிலும், கர்ப்பிணிப் பெண்ணொருத்தியின் குருதியைச் சோதிக்க வேண்டுமெனக் குடும்பநல உத்தியோகத்தர் கூறும்போது வீட்டின் முகம் மாறுவதுண்டு. இத்தகைய வீட்டுத் திண்ணையில் நிகழக்கூடிய உரையாடலை ஊகித்தல் கடினமன்று.

“என்ன பிள்ளை, இது எங்கடை வீட்டுக்கு ஏன்? அந்த வருத்தம் எங்களுக்கு எங்காலை வரும்?” என்று ஆச்சி வினவுவார்.

“ஆச்சி, இது உங்கடை பேத்திக்கு மட்டும் இல்லை. எல்லாத் தாய்மாருக்கும் எடுக்கிறதுதான்” என்பார் உத்தியோகத்தர்.

ஆச்சி சிறிது நேரம் பேசாதிருந்து, பின் குரலைத் தாழ்த்தி, “அப்ப நுளம்பு குத்தினால் தொத்தாதோ? ஒரே கிணத்திலை அள்ளினால்? ஒரே பேணியிலை குடிச்சால்?” என்று கேட்பார்.

அறியாமையின் வெளிப்பாடு என இக்கேள்விகளை எள்ளி ஒதுக்குதல் தகாது. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை அறிந்து மறுமொழி கூறும்போதே அச்சம் அகலும்.

முதற்கண் வைரசின் இயல்பை நோக்குவோம். 1981 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இளைஞர் சிலரிடையே விளக்கமுடியாத நிர்ப்பீடனக் குறைபாடு முதன்முதலாக அறிக்கையிடப்பட்டது. 1983 இல் பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவகத்தைச் சேர்ந்த பிரான்சுவாஸ் பரே-சினூசி, லுக் மொன்தாஞ்ஞே ஆகியோர் அதற்குக் காரணமான வைரசை இனங்கண்டனர். 2008 இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. 1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த குருதி மாதிரிகள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது, இந்தியாவில் இவ்வைரசு இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. இலங்கையில் அதே 1986 இல் வெளிநாட்டவர் ஒருவரிடத்தும், 1987 இல் இலங்கையர் ஒருவரிடத்தும் இத்தொற்று கண்டறியப்பட்டது. ஆகவே தமிழ் வழங்கும் இரு கரைகளுக்கும் இந்நோயின் வரலாறு ஏறத்தாழ ஒரே வயதினது.

எச்.ஐ.வி. தொற்றும் எயிட்ஸ் நோயும் ஒன்றல்ல. வைரசு உடலிற் புகுந்து, நிர்ப்பீடனத்தைக் காக்கும் ஒருவகை வெண்குருதிக் கலங்களைத் தாக்குகின்றது. சிகிச்சையின்றிப் பல ஆண்டுகள் கழிய, அக்கலங்கள் மிகவும் குறைந்து வேறு நோய்கள் பற்றிக்கொள்ளும் நிலையே எயிட்ஸ் ஆகும். குருதி, விந்து, யோனிச் சுரப்பு, மலவாயிற் சுரப்பு, தாய்ப்பால் என்பனவே தொற்றை ஏற்படுத்தத்தக்க அளவில் இவ்வைரசைச் சுமப்பவை. ஆதலின் அது பரவும் வழிகளும் சிலவே. பாதுகாப்பற்ற பாலுறவு, தொற்றுள்ள குருதியைப் பாய்ச்சுதல், ஊசிகளைப் பகிர்ந்து பயன்படுத்துதல், கர்ப்பகாலத்திலோ பிரசவத்திலோ பாலூட்டலிலோ தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லுதல் என்பன அவை. இவ்வழிகளிலும் ஒவ்வொரு முறையும் தொற்று நிகழும் என்பதில்லை. தொற்றுள்ளவரின் குருதி பட்ட ஊசி மருத்துவப் பணியாளரைக் குத்தும் நிகழ்வுகள் 1000 எனின், அவற்றுள் ஏறத்தாழ மூன்றிலேயே தொற்று ஏற்படும். அங்ஙனம் குத்தப்பட்டவர் 72 மணித்தியாலங்களுக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் உட்கொண்டால் அவ்வாய்ப்பும் பெரிதும் குறையும்.

இனி ஆச்சியின் முதற் கேள்விக்கு வருவோம். நுளம்பைப் பற்றிய ஐயம் யாழ்ப்பாணத்தவருக்கு இயல்பானது. மலேரியாவையும் டெங்கையும் நுளம்பு கொண்டுவருவதைக் கண்ணாரக் கண்ட மண் இது. ஒருவரின் குருதியை உறிஞ்சிய நுளம்பு அடுத்தவரையும் குத்துமாயின் எச்.ஐ.வி. மட்டும் ஏன் வராது என்று வினவுதல் நியாயமே. விடை நுளம்பின் உடலமைப்பிலும் வைரசின் இயல்பிலும் உள்ளது. நுளம்பு ஒரு குழாயினூடாகத் தன் உமிழ்நீரை உட்செலுத்துகின்றது. வேறொரு குழாயினூடாகவே குருதியை உறிஞ்சுகின்றது. முன்னர் உறிஞ்சிய குருதியை அது அடுத்தவருக்குள் பாய்ச்சுவதில்லை. மலேரியா ஒட்டுண்ணியும் டெங்கு வைரசும் நுளம்பின் உடலினுள்ளே பெருகி அதன் உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைய வல்லன. எச்.ஐ.வி. பெருகுவதற்கு மனிதனின் குறித்த கலங்கள் தேவை. அவை நுளம்பினிடத்து இல்லை. ஆதலால் அது அங்கு உணவோடு உணவாகச் செரித்து அழிகின்றது.

இதனை அளவை முறையாலும் நிறுவலாம். நுளம்பு இவ்வைரசைப் பரப்புமாயின், நுளம்பு மிகுந்த ஊர்களில் சிறுவரும் முதியோரும் இளைஞரும் ஒரே அளவில் தொற்றுக்குள்ளாகியிருத்தல் வேண்டும். உலகில் எங்கும் அவ்வாறு நிகழவில்லை. பாலுறவு வயதினரிடத்தும், தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளிடத்தும், ஊசி பகிர்ந்தோரிடத்துமே அது பெரிதும் காணப்பட்டது.

கிணறும் பேணியும் பற்றிய ஐயங்களுக்கும் விடை தெளிவானது. நீரினாலோ உணவினாலோ காற்றினாலோ இவ்வைரசு பரவுவதில்லை. உடலுக்கு வெளியே உலரும்போது அது தொற்றும் ஆற்றலை விரைவில் இழக்கின்றது. உமிழ்நீரில் அது மிக அரிதாகவே உண்டு. அதனைத் தடுக்கும் பொருள்களும் உமிழ்நீரிலேயே உள்ளன. ஆகவே ஒரே பேணியில் தேநீர் அருந்துவதாலும், ஒரே பந்தியில் உண்பதாலும், கைகுலுக்குவதாலும், தழுவுவதாலும், இருமலாலும், ஒரே மலசலகூடத்தைப் பயன்படுத்துவதாலும் தொற்று நிகழாது. நாதஸ்வரம் வளர்ந்த ஊராதலின் ஓர் உதாரணத்தை அங்கிருந்தே எடுக்கலாம். குருவின் சீவாளியை வாங்கி மாணவன் ஊதினால் சளியும் தடிமனும் வரக்கூடும், எச்.ஐ.வி. வராது. சலூனில் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேட் பயன்படுத்துதல் தக்க வழக்கமே. குருதியால் பரவும் ஈரலழற்சி போன்ற நோய்களைத் தடுக்க அது உதவும். எனினும், முடி திருத்தும் கத்தரியையும் சீப்பையும் கண்டு அஞ்சுதற்கு இடமில்லை.

இங்கு ஒரு செய்தி ஆழ்ந்து சிந்தித்தற்குரியது. பேணி, கிணறு, பந்தி, முடிதிருத்துமிடம், கைபடுதல் என மக்கள் அஞ்சும் வழிகளை வரிசைப்படுத்தினால், அவ்வரிசை யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று என்பது புலனாகும். தீண்டாமை தன் எல்லைக்கற்களை நட்ட இடங்கள் இவையே. தேநீர்க்கடையில் தனிப் பேணியும், பொதுக் கிணற்றில் அள்ளத் தடையும், கோயிலில் வாயிற்படியோடு நிறுத்துதலும் நெடுங்காலம் நடைபெற்றன. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் அவை மறையவில்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968 இல் அளவெட்டிக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன் நிகழ்ந்த ஆலயப்பிரவேசப் போராட்டமும் அவ்வெல்லைக்கற்களைப் பெயர்க்க எழுந்தவை. எச்.ஐ.வி. பற்றிய செய்தி ஊரை எட்டியபோது, மக்கள் மனம் அதனைக் கொண்டு செல்லப் புதிய பாதையை வெட்டவில்லை. தீட்டுக்கென முன்னரே வெட்டப்பட்டிருந்த பாதையிலேயே அதனை நடத்தியது. வைரசோ அப்பாதையில் நடப்பதில்லை. தீட்டு மனிதனால் வகுக்கப்பட்டது. தொற்று இயற்கையின் விதிக்குட்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுமிடத்து, அஞ்சத்தக்கதை அஞ்சாமலும் அஞ்சத்தகாததை அஞ்சியும் மக்கள் இருமடங்கு இழப்புக்கு உள்ளாகின்றனர். கணவனுடன் ஆணுறை பற்றிப் பேசக் கூசும் சமுதாயம், அயலவர் குடித்த பேணியைக் கழுவிக் கழுவி வைக்கின்றது.

இம்மயக்கம் தமிழர்க்கு மாத்திரம் உரியதன்று. 2016 ஆம் ஆண்டில் குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பாடசாலைகளின் கதவுகள் அடைக்கப்பட்டன. தந்தை எயிட்ஸ் நோயால் இறந்தார் என்ற வதந்தியே அதற்குக் காரணம். அவனைச் சேர்த்துக்கொண்ட பாடசாலையிலிருந்து ஏனைய பெற்றோர் தம் பிள்ளைகளை விலக்கினர். சிறுவனுக்குத் தொற்று இல்லை என்று மருத்துவச் சோதனை காட்டியும் அச்சம் தணியவில்லை. ஈற்றில் கண்டித் திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றுக்கொண்டது. வழக்கு உயர் நீதிமன்றத்தையும் எட்டியது. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரின் உரிமைகளைக் காப்பதும் பாகுபாட்டை ஒழிப்பதும் அரசின் கடப்பாடு என்பது அங்கு பதிவாயிற்று.

அந்நிகழ்வின்போது சிறுவனுக்காகப் பரிந்து பேசியோர் பலர், “அவனுக்குத் தொற்று இல்லையே” என்றனர். அது உண்மை, ஆயினும் போதிய வாதமன்று. தொற்று இருந்திருப்பின் அவனை விலக்கியது நியாயமாகிவிடுமா? ஒரே வாங்கிலில் அமர்வதாலும், ஒரே பந்தை எறிந்து விளையாடுவதாலும், ஒருவரின் தண்ணீர்ப் போத்தலில் மற்றவர் குடிப்பதாலும் வைரசு பரவாது என்பதே முழுமையான மறுமொழி. ஒருவன் குற்றமற்றவன் என நிறுவிக் காப்பாற்றுவதினும், குற்றமென ஒன்றே இல்லை என நிறுவுதல் உயர்ந்தது.

தொற்றை ஒழுக்கக்கேட்டின் கூலியாகக் கருதும் போக்கும் இவ்விடத்து ஆராயத்தக்கது. குழந்தை மருத்துவரான கமலிகா அபேரத்ன 1990களில் வீதி விபத்தொன்றில் காயமுற்று, பாய்ச்சப்பட்ட குருதியினால் இத்தொற்றுக்கு உள்ளானார். மறைந்து வாழ்வதை விடுத்து அவர் அதனை நாடறிய எடுத்துரைத்தார். தொற்றுள்ள பிறருக்காகக் கணவருடன் சேர்ந்து உழைத்தார். அவருடைய துணிவு போற்றற்குரியது. எனினும், குருதியால் தொற்றியவரைக் குற்றமற்றவர் என்றும், பாலுறவால் தொற்றியவரைக் குற்றவாளி என்றும் பிரிப்பது மீண்டும் தீட்டின் பாதைக்கே இட்டுச்செல்லும். வைரசு எவரிடத்தும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பதில்லை. மருத்துவமும் கேட்டலாகாது.

இன்றைய மருத்துவம் இவ்வச்சத்தின் அடித்தளத்தையே தகர்த்துவிட்டது. 1996 அளவில் பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் சிகிச்சை பரவலாயிற்று. ஒழுங்காக மருந்து உட்கொள்பவர் ஏனையோரைப் போன்று நெடுங்காலம் வாழலாம். குருதியிலுள்ள வைரசின் அளவு சோதனைக்கும் அகப்படாத நிலைக்குக் குறைந்து அந்நிலையில் நீடிக்குமாயின், அவரிடமிருந்து பாலுறவின் மூலமும் தொற்று பரவாது என்பதைப் பெரும் ஆய்வுகள் நிறுவியுள்ளன. 2019 இல் வெளியான பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், அத்தகைய சிகிச்சை பெற்றவரிடமிருந்து துணைவருக்குத் தொற்று ஒன்றேனும் கடந்ததாகக் காணப்படவில்லை. சிகிச்சையே தடுப்புமாயிற்று. ஆகவே சோதனைக்குச் செல்பவர் தம்மை மாத்திரமன்றிப் பிறரையும் காக்கின்றார். சோதனைக்கு அஞ்சி ஒளிப்பவர் இரு நன்மையையும் இழக்கின்றார். அவரை ஒளியச் செய்வது ஊரின் நாவேயாகும்.

திண்ணையில் ஆச்சி தயங்கிய அக்குருதிச் சோதனையின் பயனும் இதுவே. தலையீடு எதுவுமின்றேல், தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளுள் 15 முதல் 45 வரை தொற்றுக்குள்ளாகலாம். தாய்க்கு உரிய காலத்தில் மருந்தளிப்பின் அது 5 இலும் குறையும். நாடெங்கும் கர்ப்பிணித் தாய்மாரைச் சோதித்து வந்தமையாலேயே, தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் கடத்தப்படுதலை ஒழித்த நாடென 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றது. வீடு வீடாக நடந்த குடும்பநல உத்தியோகத்தர்களின் கால்களுக்கும், கையை நீட்டிய தாய்மாரின் நம்பிக்கைக்கும் அப்பெருமையிற் பங்குண்டு.

எனவே கற்றோரின் கடன் யாது? பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயின்றவரிடம் மாத்திரம் இவ்வறிவை விட்டுவிடுதல் ஆகாது. வரலாறும் சமூகவியலும் இலக்கியமும் பயில்வோர்க்கும் இதில் பணியுண்டு. வைரசு செல்லும் பாதையை விஞ்ஞானம் காட்டும். மக்கள் மனத்தில் அச்சம் செல்லும் பாதையைக் காட்டவேண்டியவர்கள் இவர்களே. சனசமூக நிலையத்திலும், பாடசாலையிலும், கோயில் வீதியிலும் ஆச்சி எழுப்பும் வினாக்களுக்கு நாணமின்றி, ஏளனமின்றி, அவருடைய மொழியிலேயே விடை கூறப்படுதல் வேண்டும். எது தொற்றும் என்று கூறுதல் ஒருவரின் உயிரைக் காக்கும். எது தொற்றாது என்று கூறுதல் அவருக்குரிய இடத்தை ஊரின் நடுவிலேயே காக்கும்.